விழுந்த பூ மட்டும்

குளிர் விலகி, வீட்டு ஜன்னல்களைத் திறந்து வைக்கலாம் என்கிற அளவுக்கு வெயில் வந்துவிட்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. பால்கனித் தொட்டிகளுக்குப் பெயிண்ட் அடிப்பேன். பள்ளிக்கூடத்தில் நான் ஓவிய ஆசிரியை. பிள்ளைகளைத் திரட்டிக்கொண்டு போய் மைதானத்துச் சுவரில் எதையாவது வரைய வைப்பேன். பழைய நாற்காலி கண்ணில் பட்டால் அதுவும் தப்பாது. என் வீட்டுக்காரர் அந்த நாட்களில் கொஞ்சம் ஒதுங்கியே நடமாடுவார். அசந்து உட்கார்ந்தால் தன் மேலும் ஒரு கோட் அடித்துவிடுவேன் என்று அச்சகத்தில் சொல்லிச் சிரிப்பாராம்.

இதெல்லாம் கை சூடேறுவதற்குத்தான். அசல் வேலை, மரம். ஊருக்கு நடுவில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஒரு சின்னப் பூங்கா இருக்கிறது. பூங்கா என்று சொல்வதே அதற்குக் கொஞ்சம் அதிகம். இரண்டு சிமென்ட் பெஞ்சு, துருப்பிடித்த ஒரு ஊஞ்சல், அவ்வளவுதான். ஆனால் அங்கே ஒரு மரம் உண்டு. அதன் பெயரை ஆளுக்கொன்றாகச் சொல்வார்கள். வசந்தம் வந்தால் கரும்பச்சை இலைகளுக்கு நடுவில் சிவப்பாகப் பூத்துத் தள்ளும். ஒரு வாரம் இருக்கும். அடுத்த வாரம் காற்று எல்லாவற்றையும் கீழே கொண்டுவந்துவிடும். அந்த ஒரு வாரத்துக்காக நான் வருஷம் முழுக்கக் காத்திருப்பேன்.

பாஸ்டல் குச்சிகளால்தான் வரைவேன். தண்ணீர் வேண்டாம், தூரிகை வேண்டாம், காய்வதற்குக் காத்திருக்க வேண்டாம். சொரசொரப்பான தாளில் நேராக இழுக்க வேண்டியதுதான், வண்ணத்தூள் ஒட்டிக்கொள்ளும். அதில் ஒரே ஒரு தொல்லை, எத்தனை நாளானாலும் அது தூள்தான். விரல் பட்டால் போச்சு. அதனால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு: என் படத்தை யாரும் தொடக் கூடாது. ஒரு தடவை ஈ உட்கார்ந்ததற்கே நான் போட்ட சத்தத்தில் மாடிவீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார்.

மரத்தடிக்குப் போகும்போது மடக்கு ஸ்டாண்டு, ஸ்டூல், குடை, பெட்டி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்காரரும் வருவார். அவர் ஒரு அச்சகத்தில் பிழைதிருத்துகிறவர். ஒற்று விட்டுப்போனால் ஊர் தாண்டி ஓடினாலும் பிடித்துக்கொண்டு வருவார். நான் வரையும்போது தாளில் வெயில் விழாதபடி குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வாயைத் திறக்க மாட்டார். முடிந்ததும் நான் பலகையை மரத்தில் சாய்த்து வைப்பேன். அவர் பெஞ்சு வரைக்கும் பின்னால் போய், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்ப்பார். பிறகு "நிக்குது" என்பார். அல்லது "நிக்கலை" என்பார்.

அவ்வளவுதான் அவருடைய விமர்சனம். ஒரு படம் நிற்பது என்றால் என்ன என்று நான் கேட்டதில்லை, அவரும் விளக்கியதில்லை. ஆனால் அவர் நிற்கவில்லை என்று சொன்ன படத்தை என்னால் திரும்ப ரசிக்க முடிந்ததே இல்லை. ஓவியக் கல்லூரியில் என்னோடு படித்தவர்கள் எங்கெங்கோ போய்விட்டார்கள். நான் யாருக்கும் காட்டியதும் இல்லை, யாரிடமும் விற்றதும் இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து களைத்து வந்து மறுபடியும் பெட்டியைத் திறக்க வைத்தது அந்த ஒற்றை வார்த்தைதான். சில நேரம் கூடவே, "அந்த நீலம் நல்லாருக்கு டீச்சர்" என்பார். அவர் என்னைக் கூப்பிடுவதே டீச்சர் என்றுதான். அந்தப் பாராட்டுக்காகவே என் படங்களில் நீலம் வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போனது. இதை இப்போது சொல்லும்போது சிரிப்பு வருகிறது.

இந்த வசந்தத்தில்தான் நூலகத்து அம்மா என்னைப் பிடித்தார். கூடத்துக்கு வெள்ளை அடித்துச் சுவரெல்லாம் மொட்டையாக இருக்கிறது, உங்கள் படங்களைக் கொஞ்ச நாள் மாட்டுங்களேன் என்றார். நான் வரைவதைப் பற்றி எங்கள் மகள் அவரிடம் எப்போதோ உளறியிருக்கிறாள்.  முடியாது என்று சொல்ல வாயெடுத்தவள், வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அவர் புரூஃப் தாளிலிருந்து தலையைத் தூக்காமலே, "மாட்டு. நிக்கிறதை மட்டும் மாட்டு" என்றார். அதற்கு மேல் எனக்கு ஒரு சான்றிதழும் வேண்டியிருக்கவில்லை. பழைய படங்களை எல்லாம் அவரே சல்லடை போட்டுச் சலித்துத் தனியாக எடுத்து வைத்தார். புதிதாக ஒன்று மட்டும் பாக்கி, இந்த வருஷத்து மரம்.

சனிக்கிழமை காலையில் நான் குளித்துவிட்டு வருவதற்குள் சாமான்களை எல்லாம் வாசலில் எடுத்து வைத்திருந்தார். போட்டிருந்த சட்டை ஆரஞ்சு, கால்சட்டை ஒரு மாதிரி பாசிப் பச்சை. மகள் வேலை கிடைத்து வெளியூர் போனதிலிருந்தே அவர் உடுப்பு இப்படித்தான் ஏறுக்குமாறாக இருந்தது. பிள்ளை பிரிந்துபோன ஏக்கம், மனுஷருக்கு எதிலும் கவனமில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். முகமும் அன்று சரியில்லை. என்ன என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்று மென்று முழுங்கினார்.

மரம் அன்றைக்கு உச்சத்தில் இருந்தது. காற்றே இல்லை. நான் தாளைப் பலகையில் பொருத்திவிட்டு, பார்வையை மரத்திலிருந்து எடுக்காமலே பெட்டியைத் திறந்து, கையை நீட்டி, சிவப்பு இருக்கும் இடத்திலிருந்து ஒரு குச்சியை எடுத்து இழுத்தேன். பச்சைக் கோடு விழுந்தது.

பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். குச்சிகளை வாங்கியதும் மேலே சுற்றியிருக்கும் காகிதத்தை உரித்துவிட்டு இரண்டாக உடைத்துவிடுவேன். அப்போதுதான் அகலவாட்டில் தேய்க்க வரும். அதனால் எந்தக் குச்சியிலும் பெயர் கிடையாது. எது எங்கே என்பது இடத்தை வைத்துத்தான். சிவப்புக்கு ஒரு வரிசை, பச்சைக்கு ஒரு வரிசை, இப்படி அந்தப் பெட்டியின் ஒழுங்கு கல்யாணத்துக்கு முன்பிருந்தே மாறாதது. கண்ணைக் கட்டிவிட்டாலும் எடுப்பேன்.

குனிந்து பார்த்தேன். நீல வரிசை அப்படியே இருந்தது. மஞ்சளும் இருந்தது. மற்றதெல்லாம் தலைகீழ். இளஞ்சிவப்புக்குப் பக்கத்தில் இளம்பச்சை, ரத்தச் சிவப்புக்குப் பக்கத்தில் கரும்பச்சை, அதற்குப் பக்கத்தில் பழுப்பு. ஆனால் அள்ளிக் கொட்டியதும் இல்லை. யாரோ கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக அடுக்கியிருக்கிறார்கள்.

"படியில கை தவறிடுச்சு," என்றார் பின்னாலிருந்து. "கீழ கொட்டிடுச்சு. நான் திரும்ப எடுத்து வச்சிட்டேன்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். கொட்டியது கூடப் பரவாயில்லை. பூ நிற்கப்போவது இன்னும் சில நாள்தான், இப்போது வந்தா விளையாடுவது? இப்படி அடுக்கிவைத்தால் சிரிப்பேன் என்று நினைத்தீர்களா என்று பொரிந்து தள்ளினேன்.  சரி, கோபத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம், முதலில் வேலை நடக்கட்டும் என்று கையை நீட்டி, அந்தச் சிவப்பை எடுங்கள் என்றேன். அவர் குடையை மடக்கிக் கீழே வைத்துவிட்டுப் பெட்டிக்கு முன்னால் குந்தினார். அவர் கை ஒரு குச்சியின் மேல் போய், தயங்கி, அடுத்ததற்குப் போய், திரும்ப முதலாவதற்கே வந்தது. அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கரும்பச்சை.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் விளையாட்டு இல்லை. சரியாக எடுத்தோமா என்று என் முகத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தார். எங்கள் வகுப்பில் விடை தெரியாத பிள்ளைகள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

"இது சிவப்பா?" என்றேன்.

என் கையிலிருந்த குச்சியைப் பார்த்தார். பிறகு, "எனக்குத் தெரியாது டீச்சர்," என்றார். "எப்பவுமே தெரியாது. நீலம் தெரியும், மஞ்சள் தெரியும். சிவப்பும் பச்சையும் எனக்கு ஒண்ணுதான்."

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்பார்களே, அப்படி உட்கார்ந்திருந்தேன். தலைக்குள் என்னென்னவோ வரிசையாக வந்தன. பால்கனித் தொட்டிக்குப் பச்சை அடிக்கச் சொன்னால் பழுப்பை அடித்துவிட்டு இதுதான் இப்போது மோஸ்தர் என்றது. பழம் வாங்கி வரச் சொன்னால் காய் வாங்கி வருவது. அச்சகத்தில் எல்லோரும் சிவப்புப் பேனாவில் திருத்தும்போது இவர் மட்டும் பென்சிலில் திருத்துவது. ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு வேடிக்கைப் பதில் இருந்தது, ஒவ்வொன்றுக்கும் நானும் சிரித்திருக்கிறேன்.

பிறகுதான் மரத்தை நிமிர்ந்து பார்த்தேன். இலைக்கு இணையாகப் பூ. கரும்பச்சைக்குள் சிவப்பு. எனக்கு ஒரு கேள்வி வந்தது. கேட்கப் பயமாக இருந்தது.

"இந்த மரத்துல பூ இருக்கா?"

அவரும் நிமிர்ந்து பார்த்தார். "இருக்குன்னு தெரியும். கீழ சிமென்ட் பெஞ்சுல விழுந்தது கறுப்பா தெரியும்ல, அதை வச்சுத்தான். விழுந்தா தெரியும் டீச்சர். மரத்துல இருக்கறப்ப தெரியாது."

இதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது கோபம்தான். நான் அப்படித்தான், என்ன செய்வது. இத்தனை வருஷமாக நான் உயிரை விட்டு வரைந்த சிவப்பை எல்லாம் பார்த்து நிக்குது, நிக்கலை என்று தீர்ப்புச் சொன்னது இந்தக் கண்களா? சும்மா என் மனசு நோகக் கூடாதென்று சொல்லிவைத்த வார்த்தையை நம்பியா நான் நூலகத்துச் சுவரில் ஏறப்போகிறேன்? இப்படி எல்லாம் கேட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இனிமே உங்ககிட்ட படத்தைக் காட்டி என்ன ஆகப் போகுது" என்றும் சொன்னேன்.

அவர் ஸ்டாண்டை மடக்கினார், ஸ்டூலை மடக்கினார், எல்லாவற்றையும் தோளில் மாட்டிக்கொண்டு எனக்குப் பின்னால் வந்தார். வழியில் யாரோ என்ன டீச்சர் அதுக்குள்ள முடிஞ்சுதா என்று கேட்டார்கள். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்ததைப் பார்த்துவிட்டு அவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் சமையலறையில் பாத்திரம் கழுவப் போய்விட்டார். வீட்டில் மனஸ்தாபம் என்றால் அவர் பாத்திரம் கழுவுவார். கழுவிய பாத்திரத்தையே திரும்பவும் கழுவுவார். நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, நூலகத்து அம்மாவுக்குப் படம் கிடையாது என்று சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தேன். எடுத்தவள் முதலில் மகளைக் கூப்பிட்டேன். யாரிடமாவது கொட்ட வேண்டியிருந்தது.

அவள் முழுசையும் கேட்டாள். அவள் ஆச்சரியப்படவில்லை என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

அவளுக்குச் சின்ன வயதிலேயே தெரியுமாம். ஒருநாள் கிரேயானில் மரம் வரைந்து, இலைக்கு நீங்கள் அடியுங்கள் என்று அப்பாவிடம் கொடுத்தாளாம். அவர் சிரத்தையாக உட்கார்ந்து இலை பூராவுக்கும் செங்கல் நிறம் அடித்தாராம். அன்றிலிருந்து காலையில் அவருக்குச் சட்டை கால்சட்டை எடுத்து வைத்தது அவள்தான். அவளுக்குத் துணியில் நிறப் பொருத்தம் பார்க்கிற பைத்தியம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஊருக்கெல்லாம் நிறம் சொல்லிக்கொடுக்கிற எனக்கு மட்டும் தெரியவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல," என்றேன்.

"அப்பா சொல்லாதேன்னு சொல்லியிருந்தா ஓடி வந்து உங்கிட்ட சொல்லியிருப்பேம்மா. அவர் அப்படிச் சொல்லலை. 'தெரிஞ்சா அம்மா என்கிட்ட படம் காட்ட மாட்டா'ன்னு சொன்னார். எனக்கு அப்புறம் சொல்ல மனசு வரலை."

நான் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டேன்.  காலையில் மரத்தடியில் என் வாயிலிருந்து வந்ததும் அதே வார்த்தைதான். எதற்குப் பயந்து அந்த மனிதர் அத்தனை காலம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாரோ, அதை நான் ஒரு மூச்சில் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

ஆனாலும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் மேல் இரக்கம் வேறு, அவர் தீர்ப்பு வேறு. அன்புக்காகச் சொன்ன பொய்யும் பொய்தான். அறையில் அவர் பொறுக்கி வைத்த படங்கள் ஒரு பக்கம், தள்ளிவைத்தவை ஒரு பக்கம் இருந்தன. தள்ளியதில் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு காலைப்பொழுதுப் படம். ரோஜா நிற வானம், அதே அளவு வெளிச்சத்தில் இளம்பச்சை வயல். கண்ணைப் பறிக்கும். அவர் அதை நிற்கவில்லை என்று சொன்னதற்காகவே நான் வீம்புக்குக் கண்ணாடி போட்டு வைத்திருந்தேன். அதைச் சுவரோரம் நிறுத்திவிட்டு அவர் வழக்கம்போலப் போவாரே, அதேபோல் கதவு வரைக்கும் பின்னால் போனேன். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தேன்.

வானமும் வயலும் ஒன்றாகக் கரைந்து போயின. வீடு இல்லை, மரம் இல்லை, தூரம் இல்லை. தாள் முழுக்க ஒரே வெளிச்சம். நிறத்தை எடுத்துவிட்டால் அந்தப் படத்தில் ஒன்றுமே இருக்கவில்லை.

அவர் பொறுக்கி வைத்ததில் ஒன்றை நிறுத்தினேன். கண்ணைச் சுருக்கினேன். நிழல் நிழலாக இருந்தது, சுவர் சுவராக இருந்தது, தெரு உள்ளே போனது. இன்னொன்றை வைத்தேன். மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். ஒன்றிலாவது அவர் தவறியிருக்க மாட்டாரா என்று ஒரு பக்கம் தேடினேன், தவறியிருக்கக் கூடாதே என்று இன்னொரு பக்கம் வேண்டிக்கொண்டேன். ஒன்றில்கூட அவர் தவறவில்லை. கண்ணைச் சுருக்கிப் பாருங்கள், வெளிச்சமும் இருட்டும் சரியாக இருந்தால்தான் படம் நிற்கும் என்று வகுப்பில் பிள்ளைகளுக்கு வாய் ஓயாமல் சொல்கிறவள் நான். எனக்கு நானே அதைச் செய்து பார்த்து எத்தனையோ காலமாகிவிட்டது. எனக்காக அதைச் செய்ய வீட்டில் ஒரு ஆள் இருந்தார், அதனால் மறந்துபோனேன். அவர் எனக்கு எதையும் பூசி மெழுகவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததை அப்படியே சொல்லியிருக்கிறார்.

சமையலறைக்குப் போனேன். அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். இந்தத் தடவை சண்டைக்குக் கேட்கவில்லை.

ரயில்வேயில் வேலைக்குச் சேரக் கண் பரிசோதனை செய்தபோதுதான் அவருக்கே தெரிந்ததாம். அந்த வேலை கைநழுவிப் போனது, வீட்டில் கொஞ்ச காலம் அரைக்குருடன் என்று கூப்பிட்டார்களாம். அப்புறம் என்னைச் சந்தித்தார். அன்றைக்கு என் நகக்கண்ணில் எல்லாம் கலர் ஒட்டியிருந்ததாம். "படம் போடற பொண்ணுகிட்டப் போய் எப்படிச் சொல்றது? கொஞ்ச நாள் போகட்டும்னு இருந்தேன். அப்புறம் நீ ஒரு படத்தைக் காட்டி எப்படி இருக்குன்னு கேட்ட. சொன்னேன். நீ நம்பிட்ட." துணியைப் பிழிந்தபடியே, "அதுக்கப்புறம் சொல்ல நேரமே வரலை," என்றார்.

கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதற்கு மேலே வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. எத்தனை வசந்தம் அந்த மனிதர் கை வலிக்க வலிக்கக் குடை பிடித்துக்கொண்டு, தன் கண்ணுக்குப் பூக்காத மரத்துக்கு முன்னால் நின்றிருக்கிறார். என்ன இருக்கிறதென்று வந்தார்? கேட்டால் சிரிப்பார், சொல்ல மாட்டார். எனக்குப் பதில் தெரியாமலும் இல்லை.

மறுநாள் காலையில் நாளைக்குக் காற்று வரும் போலிருக்கிறது, இன்றைக்கே போய்விடலாம் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்டாண்டைத் தோளில் மாட்டினார். அவர் போட்டிருந்தது ஊதாவும் பச்சையும். நான் எதுவும் சொல்லவில்லை. பெட்டியை மட்டும் நான் தூக்கிக்கொண்டேன். முந்தின நாள் அடுக்கியபடியே இருந்தது. நான் ஒரு குச்சியையும் மாற்றவில்லை.

மரத்தடியில் இரண்டே வரிசையைத்தான் தொட்டேன். அவர் பிசகாமல் வைத்திருந்த நீலமும் மஞ்சளும். இலைகளுக்கு அடர்ந்த நீலத்தை அழுத்தித் தேய்த்தேன், மழைக்கு முந்திய வானம் அளவுக்கு. கிளைகளுக்கு அதையும்விட இருட்டு. அதற்கு மேல் ஒவ்வொரு பூவாக மஞ்சளில் வைத்தேன். அழகுக்காக ஒரு பூவைக்கூடக் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. எந்தக் கிளையில் எங்கே இருந்ததோ அங்கே. உச்சியில் கொத்தாக இருந்தது, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தனியாக எட்டிப் பார்த்தது, குருவி உட்கார்ந்து ஆட்டிய கிளையில் தொங்கியது, எல்லாம். என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக எதையும் வரைந்ததில்லை. அவர் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார். ஒருமுறை குடை ஆடியது. கை மாற்றிக்கொள்கிறார் என்று நினைத்தேன்.

முடித்ததும் பலகையை எப்போதும்போல் மரத்தில் சாய்த்து வைத்தேன். அவர் பெஞ்சு வரைக்கும் போனார். கண்ணைப் பாதி மூடினார். நான் காத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் சொல்லும்போது நிற்கிற பிள்ளைபோல் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

நிக்குது என்று சொல்லவில்லை. நிக்கலை என்றும் சொல்லவில்லை. கண்ணை முழுதாகத் திறந்தார். படத்தைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார்.

"இவ்வளவா?" என்றார்.

நான் தலையாட்டினேன். 

அவர் பெஞ்சிலிருந்து நடந்து வந்தார். இத்தனை வருஷத்தில் என் படத்துக்கு அவ்வளவு பக்கத்தில் அவர் வந்ததில்லை. பலகைக்கு முன்னால் மண்ணில் மண்டியிட்டு உட்கார்ந்தார். "இந்தக் கிளையிலயுமா?" என்று கேட்டார். நான் நிமிர்ந்து அந்தக் கிளையைக் காட்டினேன். அவர் அங்கே பார்த்துவிட்டுப் படத்துக்குத் திரும்பினார். "உச்சியில?" காட்டினேன். "தொட்டிப் பக்கம் ஒண்ணே ஒண்ணு இருக்கே, இதுவும் நிஜமா?" அதையும் காட்டினேன். அச்சுத்தாளில் வரி வரியாகப் போகிற மனிதர், பூப் பூவாகப் போனார். ஒன்றையும் விடவில்லை.

கேட்டுக்கொண்டே வந்தவர் எங்கள் வீட்டுச் சட்டத்தை மறந்துவிட்டார். விரல் நீண்டு, தொட்டிப் பக்கத்துப் பூவின் மேல் பட்டது. மஞ்சள் தூள் நீலத்துக்குள் கொஞ்சம் இழுபட்டது. சட்டென்று கையை எடுத்து, நான் போடப்போகிற சத்தத்துக்காகத் தோளைக் குறுக்கிக்கொண்டார்.

நான் சத்தம் போடவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் தன் விரல் நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிலிருந்த மஞ்சள் அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

அடுத்த வார முடிவில் நூலகத்தில் படங்களை மாட்டினோம். நூலகத்து அம்மா அந்த மரத்துப் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். நம்ம பூங்கா மரம் சிவப்பாகத்தானே பூக்கும், மஞ்சளாகப் போட்டிருக்கிறீர்களே என்றார். பிறகு தயங்கியபடி, இந்த மூலையில் யாரோ கை வைத்துக் கலைத்திருக்கிறார்கள், சரிசெய்துவிட்டு மாட்டலாமா என்று கேட்டார். வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும் என்றேன்.